வீட்டுக்குப் பணம் இருக்கிறது, மனை எங்கே?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போகிறவர்களுக்குத் தாமல் என்றதும் ஏரிதான் நினைவுக்கு வரும். காஞ்சிபுரம் வட்டாரத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. பாலாற்றில் தண்ணீர் வந்தால் நிறையும், நிறைந்தால் நெல் விளையும். இன்று அந்த நெடுஞ்சாலையில் இன்னொரு விளைச்சலும் கண்ணில் படுகிறது. வயல்களை நிரவி, கல் ஊன்றி, கலர் கொடி கட்டிய மனைப்பிரிவுகள். ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’, ‘ரெரா அப்ரூவ்டு’, ‘வங்கிக் கடன் வசதி உண்டு’ என்று ஆளுயரப் பலகைகள். காரைப்பேட்டையிலிருந்து வாலாஜாபேட்டை வரை சாலையை ஆறு வழியாக்கும் வேலை தொடங்கியதும் இந்தப் பக்கத்து நிலத்துக்கு மவுசு கூடிவிட்டது.

இந்த மனைகளை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே குடிவரப் போகிறவர்கள் அல்லர். பிள்ளையின் படிப்புக்கு, பெண்ணின் கல்யாணத்துக்கு என்று முதலீடாகப் போட்டு வைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதே ஊரில் பிறந்து, நாற்று நட்டு, களை பறித்து வாழ்கிற குடும்பத்துக்கு, கல்யாணமான மகன் தனிக்குடித்தனம் போக ஒரு கொட்டகை போடவும் இடம் கிடைப்பதில்லை. மனை விற்பனைக்கு ஊரே திறந்து கிடக்கிறது. ஊர்க்காரருக்கு மனை இல்லை.

அரசிடம் வீடு கட்டித் தரும் திட்டம் இல்லையா? இருக்கிறது, பணமும் இருக்கிறது. 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2030க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டி, குடிசையில்லாத தமிழ்நாட்டை உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளியே முடிவு செய்துகொள்ளலாம். ஒன்றிய அரசின் பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1 லட்சத்து 20 ஆயிரம்தான் அளவு. அது போதாது என்று கான்கிரீட் கூரைக்காகத் தமிழ்நாடு அரசு கூடுதலாக இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரம் போடுகிறது. இந்தியாவில் பல மாநிலங்கள் செய்யாத காரியம் இது.

இத்தனைக்கும் முன்னால் கேட்கப்படும் முதல் கேள்வி: “பட்டா இருக்கா?”

ஒரு பட்டா, மூன்று அடுப்பு

கிராமத்தில் இந்தக் கேள்வி எப்படி வந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். தாத்தா பெயரில் ஒரு நத்தம் பட்டா. மூன்று சென்ட். அதாவது சுமார் 1,307 சதுர அடி. தாத்தா காலமாகி இருபது, முப்பது வருடம் ஆகியிருக்கும். அப்பா, சித்தப்பா, இப்போது அவர்களுடைய பிள்ளைகள். ஒரே மனையில் முன்னால் ஓர் ஓட்டு வீடு, பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, பின்னால் ஓலைக் கொட்டகை. மூன்று அடுப்பு எரிகிறது, மூன்று குடும்ப அட்டை இருக்கிறது, பட்டா ஒன்றுதான். ஓலைக் கொட்டகையில் இருப்பவர்தான் திட்டத்துக்கு உண்மையான தகுதி உடையவர். ஆனால் பட்டாவில் அவர் பெயர் இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவு செய்து, பெயர் மாற்றி வருவதற்குள் அந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிடும். உட்பிரிவு செய்தாலும் ஆளுக்கு 435 சதுர அடி. அதில் 360 சதுர அடி வீடு கட்டினால் கழிப்பறைக் குழி எங்கே, மாடு எங்கே, வாசல் எங்கே?

இது மனை இருப்பவர் கதை. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா தர முடியாது. 2007இல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஏரி மாவட்டமான காஞ்சிபுரத்தில் ஏரியைக் காப்பது உயிர்ப் பிரச்சினை, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் அங்கிருந்து எழுப்பப்படுகிறவர் போய் உட்கார வேண்டிய இடத்தை யார் தேடி வைப்பது? வீடற்றவர்களுக்குக் கிராமத்தில் மூன்று சென்ட் வரை இலவச வீட்டுமனைப் பட்டா தரலாம் என்பது அரசின் நடைமுறை. கொடுக்க நிலம் இருந்தால்தானே கொடுக்க முடியும்?

இந்தக் கேள்வியை ஊராட்சி மன்றத் தலைவரிடம் வைப்பது அநியாயம். கிராமசபையில் பட்டியலை வாசிப்பவர் அவர். திட்டும் அவருக்குத்தான் விழுகிறது. ஆனால் நிலம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. வீட்டுப் பணம் ஒன்றிய அலுவலகத்தில், பி.டி.ஓ. வழியாக வருகிறது. எந்த நிலம் விளைநிலம், எது குடியிருப்பு, எது தொழிற்சாலை என்று வரையறுக்கும் அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம் (டி.டி.சி.பி.) இருக்கிறது. ஊராட்சியில் எழுத்து வேலை பார்க்க இருப்பது ஒரே ஒரு செயலர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 274 ஊராட்சிகள், ஐந்து ஒன்றியங்கள். ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியாக ஒரு நகரமைப்பு வல்லுநரை வைத்துக்கொள்ள முடியாது. அப்படியானால் 274 ஊருக்கும் பொதுவாக அந்த வேலையைச் செய்ய ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதும், ஏழையின் வீட்டு மனையைத் தேடும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பதும்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

மனை இருந்தால்தான் மனிதர்

மனைக் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குடவோலை என்றால் உத்திரமேரூர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டு 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகப் பேசுகிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள். பெருமையோடு இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, அதில் சொல்லப்படும் தகுதி. வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். மனை இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. அது பிராமணர்களின் சபை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆயிரம் வருடம் கழித்து அதே மண்ணில் இன்னோர் ஆவணம் எழுந்தது. அப்போது காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து சென்னை மாகாண அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரியில் ஒருவர் குடியிருக்கும் மனையே அவருக்குச் சொந்தமில்லை, அதை மிராசுதார் தன்னுடையது என்கிறார், கூலி உயர்த்திக் கேட்டால் வீட்டை விட்டே துரத்த முடிகிறது என்பது அந்த அறிக்கையின் முக்கியமான கண்டறிதல்களில் ஒன்று. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்டது அந்த அறிக்கைதான். அந்த நிலங்களை மீட்கக் கேட்டு 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்து நம் நினைவில் நிற்கும் பெயர்களானார்கள்.

மனைக்கான சட்டங்கள் என்று தேடினால் 1971ஐக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. அந்த ஒரே ஆண்டின் பெயரில் மூன்று சட்டங்கள் இருக்கின்றன. விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம். குடிசைப் பகுதி மேம்பாட்டுச் சட்டம். நகர் ஊரமைப்புச் சட்டம். முதலாவது வருவாய்த் துறைக்குப் போனது, இரண்டாவது குடிசை மாற்று வாரியத்துக்கு, மூன்றாவது நகரமைப்பாளர்களுக்கு. மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், புதுநகர் வளர்ச்சித் திட்டம் எல்லாவற்றுக்கும் அடிப்படை மூன்றாவது சட்டம். ஒரே தலைமுறையின் அக்கறையில் பிறந்த இந்த மூன்றையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாமலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

கீழ்கதிர்பூர் சொல்லும் பாடம்

அப்படிப் பேசாமல் விட்டதால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கத் தாமலிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரம் நகரில் வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்த மக்களுக்காகக் கீழ்கதிர்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. செலவு சுமார் 190 கோடி ரூபாய், வீடு ஒன்றுக்கு 9 லட்சம். ஆற்றை மீட்க வேண்டியதுதான். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அந்தக் குடிசைகள்தான். ஆனால் அங்கே போக மாட்டோம் என்று பலர் மறுத்தார்கள். வீட்டு வேலை, கோயில் வாசல் வியாபாரம், தறி வேலை என்று அவர்கள் பிழைப்பு நகரத்துக்குள்தான் இருந்தது. பிள்ளைகளின் பள்ளியும் அங்கேதான்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். கீழ்கதிர்பூர் ஒரு கிராம ஊராட்சி. 2,112 வீட்டுக்கும் வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலே எட்டாயிரம் பேருக்கு மேல். ஒரு சிறு நகரத்துக்கு ஈடான மக்கள்தொகையை ஓர் ஊராட்சியின் வாசலில் கொண்டுவந்து இறக்கினால், தண்ணீர்த் தொட்டியும் குப்பை வண்டியும் பேருந்தும் எங்கிருந்து வரும்? சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம் ஊராட்சியும் இதே நிலையைப் பல மடங்கு பெரிதாக அனுபவித்தது. கட்டுமானத்துக்குப் பொறுப்பு வாரியம், மக்களுக்குப் பொறுப்பு ஊராட்சி. இடம் எங்கே, எத்தனை வீடு, அவர்கள் எங்கே வேலைக்குப் போவார்கள் என்று ஒரு வட்டாரத்தையே முன்னால் விரித்து வைத்து யோசிக்க வேண்டிய மேசை மட்டும் காலியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தங்கள் தோழிகளுக்காக இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்கியவர்கள் தொழிலாளி எங்கே தூங்குவாள் என்று யோசிக்கவில்லை என்பது அன்று ஊரறிய வெளிப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் நிலத்திலேயே 18,720 பேர் தங்கும் விடுதி 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. வேலை இருக்கும் இடத்தில், அரசு நிலத்தில், முன்கூட்டித் திட்டமிட்டால் தங்குமிடம் சாத்தியம் என்பதற்கு அது கண்கண்ட சான்று. பதினெட்டாயிரம் படுக்கைக்கு இடம் தேடத் தெரிந்த அரசுக்கு, ஓர் ஊரில் நாற்பது குடும்பத்துக்கு மூன்று சென்ட் தேடுவது பெரிய காரியமா?

வரைபடத்தை ஊருக்குக் கொண்டுவாருங்கள்

நகர் ஊரமைப்பு இயக்ககத்தை நம் கிராமங்கள் எப்போது அறிந்துகொண்டன? 2016 செப்டம்பரில். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது. அதுவரை ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட மனைப்பிரிவுகளைச் சிறுகச் சிறுகச் சேமித்த காசில் வாங்கியவர்கள் தவித்துப் போனார்கள். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்குப் பிறகு டி.டி.சி.பி. என்பது விளம்பரப் பலகையில் போடும் முத்திரையாகிவிட்டது. ஏழையின் பார்வையில் அது அனுமதி கொடுக்கும் அல்லது மறுக்கும் அலுவலகம்.

இதே இயக்ககம் இப்போது தமிழ்நாடு முழுவதையும் 12 மண்டலங்களாகப் பிரித்து மண்டலத் திட்டங்கள் தயாரிக்கும் பணியில் இருக்கிறது. நகர்ப்புற ஏழைகளுக்கான வீடுகளுக்கென 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி கொடுத்த 15 கோடி டாலர் கடனில் இந்த மண்டலத் திட்டங்களுக்கான உதவியும் அடக்கம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் இன்னும் ஆழமாக வந்தது. காஞ்சிபுரத்துக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வரைபடம் வரையப்படும் நேரம் இது. ஊராட்சிகள் அந்த அறைக்குள் இருக்க வேண்டிய நேரமும் இதுதான்.

உள்ளே போய் என்ன கேட்பது? முதலாவதாக நிலக் கணக்கு. நீர்நிலை, மேய்ச்சல் நிலம் நீங்கலாக ஒவ்வோர் ஊரிலும் குடியிருப்புக்கு உகந்த அரசு நிலம் எவ்வளவு, பயன்படாத நத்தம் எவ்வளவு, வீடற்றவர் எத்தனை பேர் என்று ஒரே தாளில் வர வேண்டும். வருவாய்த் துறைப் பதிவேடும் ஒன்றிய அலுவலகப் பட்டியலும் இன்று தனித்தனி அலமாரியில் கிடக்கின்றன. இரண்டையும் வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் திறமை நகரமைப்பாளரிடம் இருக்கிறது.

அடுத்தது அந்தப் பலகை போட்ட மனைப்பிரிவுகள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான சிறு மனைகளாகப் பிரிக்க வேண்டும் என்பது சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்ட விதிகளிலேயே 2008இல் வந்துவிட்டது. நல்ல விதி. ஆனால் அந்தச் சிறு மனையை யார் வாங்கினார், அதே ஊர்க்காரரா, ஒருவரே நாலைந்தை வளைத்துப் போட்டாரா என்பதை ஊர் அறிய வழி வேண்டும். அனுமதி கொடுக்கும்போதே அந்த மனைகளின் பட்டியலை ஊராட்சிக்கு அனுப்பி, கிராமசபையில் வாசித்து, ஊரின் வீடற்றோர் பட்டியலில் இருப்பவருக்கு முதல் உரிமை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெரிய சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. குஜராத்தில் 1976ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டப்படி, பல பேருடைய நிலத்தைச் சேர்த்து மறுபடி பிரித்துக் கொடுக்கும்போது 10 விழுக்காடு வரை நலிந்த பிரிவினர் வீடுகளுக்கு ஒதுக்கலாம். அந்த நிலம் பொது அமைப்பின் கையிலேயே வந்து சேர்வதால், தனியார் விற்பனையில் நழுவிப் போவதில்லை. இந்த இடத்தில் குஜராத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, சுமையைப் பங்கிடுவது. தொழிற்சாலை வந்த ஊருக்கு வரி வருமானம். பக்கத்து ஊருக்கு வாடகைக்கு வந்த ஆட்களின் குப்பையும் தண்ணீர்த் தட்டுப்பாடும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இதே பிரச்சினை நீதிமன்றம் போனது. ஒவ்வோர் ஊரும் வட்டாரத்தின் வீட்டுத் தேவையில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று 1975இல் மவுண்ட் லாரல் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசச்சூசெட்ஸில், வல்லுநர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன ஊர்களுக்கு வீட்டுவசதித் திட்டத்தை எழுதிக் கொடுக்கும் வேலையை வட்டாரத் திட்ட அமைப்புகளே செய்கின்றன. முடிவு ஊர் மன்றத்தினுடையது. கணக்கும் வரைபடமும் வட்டார அமைப்பினுடையது. காஞ்சிபுரத்தின் ஐந்து ஒன்றியங்களுக்கும் ஆளுக்கொரு நகரமைப்பாளரைக் கொடுத்தாலே இந்த வேலை தொடங்கிவிடும்.

பக்கத்தில் கேரளத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ‘லைஃப்’ வீட்டுத் திட்டத்தில் வீடற்றவர்களோடு நிலமற்றவர்களையும் தனிப் பட்டியலாக எடுத்தார்கள். பயனாளிப் பட்டியல் உள்ளாட்சியின் கையில். நிலம் வைத்திருப்பவர்கள் மனமுவந்து கொடுக்கும்படி ஒரு மக்கள் இயக்கமே நடத்தினார்கள். மனை இல்லாதவர் என்று ஒரு கணக்கு இருந்ததால்தான் மனையைக் கேட்க முடிந்தது.

வீட்டின் உள்ளமைப்பையும் விட்டுவிடக் கூடாது. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் பட்டு நெசவாளர் வீட்டில் தறிதான் முதல் குடித்தனக்காரர். குழித்தறி போட்டால் ஓர் அறை போய்விடும். 360 சதுர அடிக்குள் தறியையும் அடுப்பையும் பொருத்தும் மாதிரி வரைபடத்தை ஒரு நல்ல கட்டடக் கலைஞர் ஒரு தடவை வரைந்து கொடுத்தால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு உதவும்.

மண்டலத் திட்டம் என்ற பேச்சை எடுத்தாலே இந்த மாவட்டத்தில் மக்கள் மிரளுகிறார்கள். காரணம் பரந்தூர். 2022இல் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் கிராமசபை திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றி வருகிறது. பதின்மூன்று கிராமங்களின் நிலம், வீடு, ஏரி எல்லாம் அந்த வரைபடத்துக்குள். வரைபடம் என்றால் நம் நிலத்தை எடுக்க வருகிறார்கள் என்றுதான் அந்த மக்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. திட்டமிடும் அமைப்பு ஒரு கிராமத்துக்குள் முதல் முறையாக வரும்போது நிலம் எடுக்க வராமல், மனை கொடுக்க வந்தால் அடுத்த பேச்சுக்கே ஒரு வழி பிறக்கும்.

நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மண்டலத் திட்டத்தின் வரைவு வெளியானதும் பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. தாமலிலோ பக்கத்து ஊரிலோ ஒரு கிராமசபை, வீட்டு மனை இல்லாத குடும்பங்களின் எண்ணிக்கை, ஊரிலிருக்கும் குடியிருப்புக்கு உகந்த நிலத்தின் புல எண்கள், இந்த இடத்தில் இத்தனை மனை வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதி அந்த இரண்டு மாதத்துக்குள் அனுப்பலாம். தீர்மானத்தின் ஒரு நகல் ஆட்சியருக்கு, ஒரு நகல் காஞ்சிபுரம் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு. அதைப் பரிசீலிக்க வேண்டிய கடமை அப்போது அந்த அலுவலகத்தின் மேசைக்கு வந்துவிடும்.